ஆரஞ்சு நிற டரான்டுலாவை இலவசமாகத் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளலாமா?

ஊர்வன, சிலந்திகள் போன்ற உயிர்களுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவரின் பதில்

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்து அதன் சாரத்தை இங்கே தருகிறேன். ஆறு ஆண்டுகளாகச் சிறுத்தைப் பல்லிகள் வளர்த்துவருகிறார். இப்போது ஒரு டரான்டுலா சிலந்தி வளர்க்க ஆசை. அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வெளியூருக்குக் குடிபெயரும் நண்பர் ஒருவர், தான் வளர்த்த ஆரஞ்சு பபூன் என்ற ஆப்பிரிக்கச் சிலந்தியைத் தொட்டியோடு சேர்த்து இலவசமாகக் கொடுக்கிறேன் என்கிறார். சிலந்தி வளர்ப்பவர் ஒருவரிடம் சுருள்முடி டரான்டுலாவின் குஞ்சுகள் மூன்று விலைக்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. ஒரு கடையில் வளர்ந்த சிலி ரோஸ் சிலந்தி மலிவாகக் கிடைக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மனம் ஏங்குவது நீலமாய் மின்னும் பொசிலோதீரியா மெட்டாலிகா என்ற சிலந்திக்கு.

வீட்டில் ஐந்து வயது மகள் இருக்கிறாள். குளிர்காலத்தில் அவளுக்கு மூச்சிரைப்பு வரும். ஒரு நாயும் உண்டு. கணவருக்குச் சிலந்தி என்றால் பயம். "அது பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது" என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார். வாசகி பபூன் பக்கமே சாய்ந்திருக்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் இது: "ஆப்பிரிக்கச் சிலந்திகளுக்கு அரிப்பு தரும் முடி கிடையாது என்று படித்தேன். அப்படியானால் மூச்சிரைப்பு உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுதானே பாதுகாப்பு? ஓடும் பல்லியைப் பிடித்துப் பழகிய எனக்கு அதன் வேகம் ஒரு பொருட்டா?" குஞ்சுகளை வாங்கினால் மூன்றையும் ஒரே தொட்டியில் விடலாமா, சிறு வயதிலிருந்தே கையில் எடுத்தால் பழகிவிடுமா, பல்லிக்கு வைத்திருக்கும் வெப்ப விளக்கையே இதற்கும் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வாங்குவதற்கு முன்பே கேட்டீர்களே, அதற்காக முதலில் நன்றி. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சிலந்தி கைக்கு வந்து, அது கடித்தோ, விழுந்தோ, காணாமல் போயோ ஆன பிறகுதான் வருகிறார்கள்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: பபூன் வேண்டாம். நீலச் சிலந்தியும் இப்போது வேண்டாம். மற்ற இரண்டில் ஒன்றை எடுக்கலாமா, அல்லது நீங்கள் குறிப்பிடாத இன்னொன்று உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

ஆறு ஆண்டு அனுபவம் எதில் கைகொடுக்கும்

பல்லி வளர்த்த ஆறு ஆண்டுகளும் வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். உயிருள்ள இரையைக் கையாளத் தெரியும், தினமும் ஒரு தொட்டியைப் பார்த்துக் குறிப்பெழுதும் பழக்கம் இருக்கிறது, நோய்வாய்ப்பட்ட உயிரைக் கண்டு பதறாமல் இருக்கத் தெரியும். இவை மூன்றும் சிலந்திக்கும் வேண்டியவைதான்.

ஆனால் சில பழக்கங்களை நீங்கள் வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டியிருக்கும். பல்லி உங்களை அடையாளம் காணும். குறைந்தபட்சம் உங்கள் கையை இரையோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். டரான்டுலாவுக்கு உங்கள் கை என்பது சூடான, நடமாடும் ஒரு தரை. அல்லது ஓர் ஆபத்து. குஞ்சிலிருந்து கையில் எடுத்தாலும் அது உங்களிடம் பழகாது. இன்று அமைதியாக உள்ளங்கையில் நடந்த சிலந்தி, நாளை மூச்சுக்காற்று பட்டதற்காகப் பாயலாம். கையில் எடுப்பதால் அதற்கு எந்த நன்மையும் இல்லை. அது விழுந்துவிடும் ஆபத்து மட்டும் இருக்கிறது.

விழுவது என்பது சிறிய விஷயமன்று. டரான்டுலாவின் வயிற்றுப் பகுதி தண்ணீர் நிரப்பிய மெல்லிய பை போன்றது. தரையில் வாழும் பெரிய சிலந்தி இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே அது கிழிந்துவிடலாம். அப்படிக் கிழிந்த ஒன்றை ஈரத்துணியில் பொதிந்து என்னிடம் கொண்டுவந்தவரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பசை வைத்து அடைத்தேன். இரண்டு நாள் இருந்தது, பிறகு போய்விட்டது. அவரும் அதைக் கையில் எடுத்துப் பழக்கத்தான் முயன்றிருந்தார்.

அதனால் "தொடக்கக்காரருக்கு ஏற்ற இனம்" என்று பேசும்போது நான் அழகையோ விலையையோ வளர்ப்பவரின் துணிச்சலையோ கணக்கில் எடுப்பதில்லை. என் அளவுகோல் ஒன்றுதான்: நீங்கள் ஒரு தவறு செய்தால், அதைத் திருத்திக்கொள்ள அந்தச் சிலந்தி உங்களுக்கு எவ்வளவு அவகாசம் தரும்?

மூடியைத் திறந்து தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கிறீர்கள். இடுக்கி தவறிச் சிலந்தியின் காலில் பட்டுவிடுகிறது. சுருள்முடி டரான்டுலா என்றால் பெரும்பாலும் பின்வாங்கும், அல்லது கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்காரும். மிகவும் எரிச்சலானால் பின்புறத்தை உங்கள் பக்கம் திருப்பும். அதற்குள் உங்களுக்குச் சில நொடிகள் கிடைத்துவிடும். கையை எடுத்து மூடியைச் சாத்திவிடலாம். அதே தவறை ஆரஞ்சு பபூனிடம் செய்தால், என்ன நடந்தது என்று நீங்கள் உணரும்போது அது முன்கால்களைத் தூக்கி நச்சுப்பற்களைக் காட்டிக்கொண்டு நிற்கும். அல்லது தொட்டியின் வெளிப்பக்கம் இருக்கும். உங்கள் கணவர் போட்ட ஒரே நிபந்தனை அந்த நொடியில் முறிந்துபோகும்.

பல்லியைப் பிடித்த கைக்கு இது பொருட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பல்லி ஓடினால் நீங்கள் கையால் மூடிப் பிடிப்பீர்கள். அந்தப் பழக்கம்தான் இங்கே உங்களுக்கு எதிரி. ஓடும் சிலந்தியின் மேல் கையை வைக்கவே கூடாது.

சுணை இல்லாத சிலந்தி பாதுகாப்பானதா?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கேள்விதான். நீங்கள் படித்த தகவல் சரி. அதிலிருந்து எடுத்த முடிவு தவறு.

டரான்டுலாக்களை வளர்ப்பவர்கள் இரண்டு பெரிய பிரிவாகப் பார்க்கிறார்கள். வட, தென் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை ஒரு பக்கம். ஆப்பிரிக்கா, ஆசியா போன்ற பழைய நிலப்பரப்புகளைச் சேர்ந்தவை மறுபக்கம். அமெரிக்க இனங்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் நுண்ணிய கொக்கி முட்கள் கொண்ட முடிகள் இருக்கும். செடிகொடிகளில் இருக்கும் சுணையைப் போன்றவை என்பதால் நான் அவற்றைச் சுணை என்றே சொல்கிறேன். ஆபத்து வந்தால் சிலந்தி பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து அந்தச் சுணையைக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் அரிப்பு, சிலருக்குத் தடிப்பு. மூக்கில் ஏறினால் தும்மலும் எரிச்சலும். கண்ணில் பட்டால்தான் உண்மையான ஆபத்து. கருவிழியில் தைத்து உள்ளே நகரும். சாதாரணக் கண்வலி என்று சொட்டு மருந்து போட்டும் அடங்காமல், பிறகுதான் முடி தைத்திருப்பதைக் கண்டறிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

ஆப்பிரிக்க, ஆசிய இனங்களுக்கு இந்தச் சுணை இல்லை. அதனால் தற்காப்புக்கு அவற்றிடம் இருப்பவை ஓட்டமும் கடியும்தான். அவற்றின் நஞ்சும் பொதுவாக வீரியமானது. ஆரஞ்சு பபூன் அல்லது பொசிலோதீரியா கடித்தால் கடுமையான வலியோடு தசைப்பிடிப்பு வரும். பொசிலோதீரியா கடியில் அந்தப் பிடிப்பு சில நாட்கள் கழித்து மீண்டும் மீண்டும் வந்த நிகழ்வுகள் உண்டு. டரான்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதிசெய்யப்பட்ட நிகழ்வு இல்லை என்பது ஆறுதல்தான். ஆனால் வலுவான பெரியவர்கள் தாங்கிய கடியை ஐந்து வயதுக் குழந்தையின் உடம்புக்குப் பொருத்திப் பார்த்து நிம்மதியடைய நான் தயாராக இல்லை.

நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். டரான்டுலா குடும்பச் சிலந்திகள் நாய்களைக் கடித்த நிகழ்வுகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தொகுத்து 2003இல் வெளியிட்டார்கள். அவர்கள் பதிவுசெய்த ஏழு நாய்களும் விரைவிலேயே இறந்துவிட்டன. அதே வகைச் சிலந்திகள் கடித்த மனிதர்களுக்கோ பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவை ஆஸ்திரேலிய இனங்கள். ஆப்பிரிக்க இனத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் தரையை மோப்பம் பிடித்துக்கொண்டே அலையும் நாய் உள்ள வீட்டில், தப்பி ஓடுவதில் வல்ல ஒரு சிலந்தியை வைக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆக, ஒரு பக்கம் சுணை, மறுபக்கம் வேகமும் கடியும். சுணையை நீங்கள் கட்டுப்படுத்த முடியும். அது தொட்டியின் மண்ணிலும், வலையிலும், உரித்துப் போட்ட சட்டையிலும் தங்கியிருக்கும். மண்ணைக் கிளறும்போதும் சட்டையை எடுக்கும்போதும்தான் பறக்கும். மகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், கையுறையும் கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து அந்த வேலையைச் செய்யலாம். முடிந்ததும் கைகளைக் கழுவி, உடையை மாற்றிக்கொள்ளலாம். தொட்டியை மகளின் படுக்கையறையிலோ, மின்விசிறிக்கு நேர் கீழோ வைக்காமல் இருக்கலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியேறும் வேகத்துக்கு இப்படி எந்த ஏற்பாடும் முழுக் காப்பு தராது.

மூச்சிரைப்பு இருப்பதால், வாங்குவதற்கு முன் மகளைப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், என் கடிதத்தில் மீதியுள்ள எதுவும் அதற்கு மாற்றாகாது.

இன்னொரு சொல். அமெரிக்க இனம் என்றாலே சாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சால்மோப்போயஸ் பேரினச் சிலந்திகள் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் அவற்றுக்குச் சுணை கிடையாது, ஓட்டமும் கடியும் ஏறக்குறைய ஆசிய இனங்களைப் போலவே இருக்கும். மறுமுனையில், உலகின் மிகக் கனமான சிலந்தியான கோலியாத்தின் சுணை மிகக் கொடுமையானது. மூச்சிரைப்பு உள்ள வீட்டில் அதன் பெயரையே எடுக்க வேண்டாம். சாமன் பிங்க் எனப்படும் பெரிய பிரேசில் சிலந்தியும் சுணையை வாரி இறைக்கும், அதையும் ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் முன் இருக்கும் நான்கு சிலந்திகள்

ஆரஞ்சு பபூன். இதன் அறிவியல் பெயர் டெரினோகைலஸ் முரைனஸ். எளிதாக இனப்பெருக்கம் செய்யும், மலிவாகக் கிடைக்கும், வறட்சியையும் பசியையும் தாங்கும், நிறமோ கண்ணைப் பறிக்கும். இந்தக் காரணங்களால் பலர் கையில் இதுவே முதல் சிலந்தியாக வந்து விழுகிறது. சாகாமல் இருப்பது எளிது என்பதும் வளர்ப்பது எளிது என்பதும் ஒன்றல்ல. நண்பர் நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார். அவருக்கு மனம் நோகாமல் மறுத்துவிட்டு, சில ஆண்டுகள் இவ்வகைச் சிலந்திகளை வளர்த்த ஒருவரிடம் அதைச் சேர்க்க உதவுங்கள். அதுவே நீங்கள் அந்தச் சிலந்திக்குச் செய்யக்கூடிய நல்லது.

நீலச் சிலந்தி. பொசிலோதீரியா மெட்டாலிகா ஆந்திரப் பகுதிக் காடுகளில் மிகச் சிறிய பரப்பில் மட்டும் வாழ்வது. மிக அருகிவிட்ட இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. இந்தப் பேரினம் முழுவதையும் 2019இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் சேர்த்தார்கள். மரப்பொந்தில் ஒளிந்து வாழும் இந்தச் சிலந்தி வெளிச்சம் பட்டாலே மின்னலாய் மறைந்துவிடும். அதன் நீலத்தைப் படத்தில் பார்க்கும் அளவுக்கு உங்கள் தொட்டியில் நீங்கள் பார்க்க மாட்டீர்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, மகளும் வளர்ந்த பிறகு, வளர்ப்பில் பிறந்ததற்கான சான்றோடு கிடைத்தால் அப்போது எழுதுங்கள்; மனம் திறந்து பேசலாம்.

சிலி ரோஸ். பல்லாண்டுகளாகத் தொடக்கக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்டுவரும் சிலந்தி. மெதுவானது, கடினமான உடல்வாகு. எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள். முதலாவது, மனநிலை ஆளுக்கு ஆள் மாறும். ஒன்று கல்லைப் போல் கிடக்கும், இன்னொன்று இடுக்கியைக் கண்டாலே சீறி நிற்கும். அதோடு மாதக்கணக்கில் உண்ணாமலும் இருக்கும். நோயா, இயல்பா என்று தெரியாமல் நீங்கள் தவித்துப்போவீர்கள். இரண்டாவது தயக்கம் பெரிது: வளர்ந்த சிலந்தி ஏன் மலிவாகக் கிடைக்கிறது? காட்டிலிருந்து பிடித்ததாக இருக்கலாம். அல்லது ஆயுளின் கடைசிப் படியில் நிற்கும் ஆணாக இருக்கலாம். ஆண் டரான்டுலா கடைசிச் சட்டையை உரித்த பிறகு சில மாதங்கள், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகள்தான் இருக்கும். முன்கால்களின் கீழே சிறு கொக்கியும், வாயருகே உள்ள உணர்கால்களின் நுனியில் குத்துச்சண்டைக் கையுறை போன்ற புடைப்பும் இருந்தால் அது முதிர்ந்த ஆண். கடைக்காரரிடம் கேட்பதோடு நில்லாமல் நீங்களே கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

சுருள்முடிக் குஞ்சுகள். இனம் மிக நல்ல தேர்வு. ட்லில்டோகாட்ல் அல்போபைலோசஸ் என்ற இந்த நடு அமெரிக்கச் சிலந்தியிடம் பொறுமை உண்டு, நன்றாக உண்ணும், வெப்பத்திலும் ஈரத்திலும் சற்று முன்பின் ஆனாலும் தாங்கிக்கொள்ளும். சிக்கல் அதன் வயதில் இருக்கிறது. நகத்தளவுக் குஞ்சு இரண்டு நாள் மண் வறண்டாலே வாடத் தொடங்கும். அதிக ஈரமானாலும் பூஞ்சை பிடிக்கும். முன்பு சொன்ன என் அளவுகோலின்படி பார்த்தால், வளர்ந்த சுருள்முடி நிறைய அவகாசம் தரும். அதன் குஞ்சு அவ்வளவு தராது. மூன்றையும் ஒரே தொட்டியில் விடுவதோ கூடவே கூடாது. ஒன்று மற்றவற்றைத் தின்றுவிடும். ஆளுக்கொரு சிறு பெட்டி வேண்டும்.

நான் உங்களுக்குச் சொல்லும் சிலந்தி

கிராமோஸ்டோலா புல்க்ரிப்பெஸ். சாக்கோ தங்க முழங்கால் என்ற பெயரில் விற்பார்கள். அர்ஜென்டினா, பராகுவே புல்வெளிகளைச் சேர்ந்தது. கால்களின் மூட்டுகளில் பொன்னிறக் கோடுகள் இருக்கும். வளர்ந்தால் கால் விரிப்பு 18 முதல் 20 சென்டிமீட்டர் வரை போகும். ஒளிந்துகொள்ளாமல் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருக்கும் என்பதால் பார்க்கும் ஆசையும் தீரும். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை முக்கியமானது வேறொன்று: சுணை உண்டு என்றாலும் அதை எளிதில் உதிர்க்காது. அதே பேரினத்தின் கருநிறச் சிலந்தியான கிராமோஸ்டோலா புல்க்ராவும் இதே குணம் கொண்டது. மெதுவாக வளரும் என்பதால் விலை கூடுதலாக இருக்கும். எல்லாரும் முதலில் பரிந்துரைக்கும் மெக்சிகோ சிவப்பு முழங்காலும் நல்ல சிலந்திதான். ஆனால் அது சுணையைச் சற்றுத் தாராளமாகவே உதிர்க்கும். மூச்சிரைப்பு இல்லாத வீடாக இருந்தால் அதைத் தயங்காமல் சொல்லியிருப்பேன்.

கால் விரிப்பு 5 முதல் 7 சென்டிமீட்டர் உள்ள, வளர்ப்பில் பிறந்த இளஞ்சிலந்தியாக வாங்குங்கள். குஞ்சுப் பருவத்தின் கண்டத்தைத் தாண்டியிருக்கும்; கண்ணெதிரே வளர்வதைப் பார்க்கும் இன்பமும் மிச்சமிருக்கும். உரித்த சட்டையை வைத்துப் பெண்ணா ஆணா என்று பார்த்துச் சொல்லக்கூடியவரிடம் வாங்கினால் இன்னும் நல்லது. பெண் சிலந்தி 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. உங்கள் மகளுக்கு 25 வயதாகும்போதும் அது இதே தொட்டியில் இருக்கலாம். கணவரிடம் சம்மதம் கேட்டபோது இந்தக் கணக்கைச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இப்போது சொல்லிவிடுங்கள்.

பெயரும் தாளும்

வாங்கும்போது அறிவியல் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். "நீலம்", "பறவை தின்னி", "ரோஸ்" போன்ற வழக்குப் பெயர்களை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இனங்களுக்கெல்லாம் சூட்டிவிடுகிறார்கள். அறிவியல் பெயரிலும் குழப்பம் வரும். சிவப்பு முழங்காலைப் பிராக்கிபெல்மா ஸ்மித்தி என்றே நெடுங்காலம் விற்றார்கள். 2017இல் வந்த ஆய்வுதான் அவற்றில் பல உண்மையில் பிராக்கிபெல்மா ஹமோரியை என்று தெளிவாக்கியது. இருந்தாலும் வழக்குப் பெயரை விட அறிவியல் பெயர் பல மடங்கு நம்பகமானது.

சட்டம் குறித்தும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "சைட்டிஸ் பட்டியலில் இல்லாத இனம் என்றால் அனுமதி தேவையில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். சைட்டிஸ் என்பது எல்லை தாண்டி நடக்கும் வணிகத்துக்கான உடன்படிக்கை. வீட்டில் வைத்து வளர்க்கலாமா, உரிமம் வேண்டுமா, நஞ்சுள்ள உயிர்களுக்குத் தனித் தடை உண்டா என்பதை அந்தந்த நாட்டின் சட்டம் தனியாக முடிவு செய்கிறது. வனவிலங்குத் துறையிடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் செல்லப்பிராணிகள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்று விற்பவர் சொல்ல மறுத்தால் வாங்காதீர்கள். காட்டிலிருந்து ஒரு பெண் சிலந்தியைத் தூக்கினால், அது இடவிருந்த முட்டைகளும் சேர்ந்தே போகின்றன.

தொட்டியைப் பற்றிச் சுருக்கமாக

வெப்ப விளக்கு வேண்டாம். அது சிலந்தியை உலர்த்திக் கொல்லும். நீங்கள் மெல்லிய உடையில் சௌகரியமாக இருக்கும் அறை வெப்பமே இந்தச் சிலந்திக்குப் போதும். உயரமான தொட்டியும் வேண்டாம். மண்ணின் மேற்பரப்பிலிருந்து மூடி வரை உள்ள இடைவெளி, சிலந்தியின் கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. அதற்காகத்தான் தொட்டியில் மண்ணை ஆழமாக நிரப்பச் சொல்கிறோம். கம்பி வலை மூடியில் கால் நகங்கள் மாட்டிக்கொள்ளும். துளையிட்ட பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி மூடி, பூட்டுடன் இருக்கட்டும். தென்னைநார்த் தூள் கலந்த மண், பாதி புதைத்த மரப்பட்டை, ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம். இவ்வளவுதான். பல்லிக்குப் போல் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டாம், சுண்ணாம்புச் சத்துத் தூள் தூவ வேண்டாம், தினமும் உணவும் வேண்டாம்.

தொட்டியருகே எப்போதும் ஓர் அகலமான ஒளிபுகும் குவளையும் கெட்டி அட்டையும் வைத்திருங்கள். சிலந்தி வெளியே வந்தால் குவளையைக் கவிழ்த்து, அட்டையைக் கீழே செருகுங்கள். வெறும் மண் தொட்டியை வைத்து ஒரு பொம்மையோடு இதை ஒத்திகை பார்த்துவிட்டுச் சிலந்தியைக் கொண்டுவாருங்கள்.

மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள்

முதல்முறை வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் அழைப்பு, "சிலந்தி செத்துக் கிடக்கிறது" என்பதுதான். கால்களை விரித்து மல்லாந்து கிடந்தால் அது சட்டை உரிக்கிறது. பல மணி நேரம் ஆகும். அதைப் புரட்டிவிட்டால் உண்மையிலேயே செத்துவிடலாம். இறக்கும் சிலந்தி பொதுவாக நேராகத்தான் இருக்கும், கால்கள் உடலுக்கு அடியில் மடங்கிச் சுருண்டிருக்கும். டரான்டுலா கால்களை நீட்டுவது உடல் திரவத்தின் அழுத்தத்தால். அழுத்தம் குறைந்தால் கால்கள் தாமாக மடங்கிவிடும். நீர்ச்சத்து குறைந்தாலும் இப்படி மடங்கும் என்பதால், அதைக் கண்டதும் வாய்ப்பகுதி கிண்ணத்தின் விளிம்பில் தண்ணீரைத் தொடும்படி மெதுவாக வைத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.

சட்டை உரிப்பதற்கு முன் சில வாரங்கள் உண்ணாது. நிறம் மங்கும், வயிற்றில் முடி உதிர்ந்த இடம் கறுக்கும். அப்போது தொட்டியில் இரையை விட்டுவைக்காதீர்கள். மென்மையாகக் கிடக்கும் சிலந்தியைச் சுவர்க்கோழியே கடித்துக் குதறிவிடும். உரித்த பின் நச்சுப்பற்கள் வெண்மையிலிருந்து கறுப்பாகும் வரை, ஒன்றிரண்டு வாரங்கள், உணவு வேண்டாம். உரித்த சட்டையைப் பார்த்து உங்கள் மகள் கேட்பாள். வயிற்றுப் பகுதி முழுக்கச் சுணை இருக்கும் என்பதால் மூடிய கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டுங்கள்.

முதல் வாரம்

கொண்டுவந்த பெட்டியைத் திறந்து புதுத் தொட்டிக்குள் வையுங்கள். தள்ளாதீர்கள், தானாக இறங்கட்டும். ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கலாம், சுவரில் ஏறலாம், மரப்பட்டையின் வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு காணாமல் போகலாம். எல்லாமே இயல்பு. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவது தவிர ஏழு நாள் எதுவும் செய்யாதீர்கள். எட்டாம் நாள் மாலை, சிலந்தியின் வயிற்றை விடச் சிறிய ஒரு சுவர்க்கோழியை விடுங்கள். தோட்டத்தில் பிடித்தது வேண்டாம்; பூச்சிமருந்து பட்டிருக்கலாம். மறுநாள் காலையில் இரை அப்படியே இருந்தால் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி முயலுங்கள். அதற்கிடையில் பபூனை நண்பர் யாரிடம் ஒப்படைத்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், அனுபவமுள்ள வளர்ப்பாளர் ஒருவரை நானும் தேடிப் பார்க்கிறேன்.